மூக்குப் பாரம்

ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்னால் டிரெயிலர் கட்டி இழுத்துக்கொண்டு போகிறவனைக் கண்டால் யாருக்கும் சிரிப்பு வரும். டிலக்ஷனும் முதலில் அதைச் சிரிப்புக்காகத்தான் சொன்னான். இரண்டே இரண்டு சீட் உள்ள சிவப்பு மியாட்டாவை அவன் கொண்டுவந்து செயின்ட்-மிஷேல் வீட்டு வாசலில் நிறுத்திய அன்று, சொந்தக்காரர் அத்தனை பேரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பின்சீட்டைத் தேடினார்கள். கலியாணம் கட்டியவன் வாங்குகிற காரா இது என்று ஆளுக்கொரு கேள்வி. நாளைக்கு ஒரு பிள்ளைகுட்டி வந்தால் எங்கே வைப்பாய் என்று பெரியம்மா ஒருவர் கேட்டே விட்டார்.

"பின்னால டிரெயிலர் ஒண்டு கட்டி அதில இருத்துவன் பெரியம்மா," என்றான் அவன்.

பேச்சுக்குச் சொன்னதைப் பேச்சோடு விடுகிற ஆள் இல்லை அவன். அடுத்த இலையுதிர் காலத்தில், பெட்டியில் துண்டு துண்டாக வருகிற சின்ன டிரெயிலர் ஒன்றை வாங்கிவந்து வீட்டுக்குப் பின்னால் சந்தில் இருந்த கராஜில் வைத்தான். அந்தக் காருக்கென்றே செய்த இழுவைக் கொக்கி ஒன்றையும் தபாலில் எடுப்பித்தான். அதற்குள் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. சித்திரையில் பூட்டுவோம் என்று பெட்டிகளை அப்படியே விட்டான். சித்திரை வந்தது. ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது மெட்ரோ படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் பிறகு எழும்பவே இல்லை. வயது முப்பத்தெட்டு.

அவனுடைய அண்ணன் உருத்திரமூர்த்தி அதே வீட்டின் மேல்மாடியில் இருந்தார். கீழே தம்பியும் அவன் மனைவி ஆர்த்திகாவும். மூர்த்தி மரக்கறி மொத்தக் கடை ஒன்றில் லொறி ஓட்டுகிறவர். தாய் தகப்பன் போனபிறகு தம்பியை யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டதும் அவர், பெண் பார்த்துக் கட்டிவைத்ததும் அவர். அந்த ஓட்டத்தில் தனக்கொரு கலியாணம் என்பதை மறந்துபோனார் என்று சொல்ல முடியாது. மறந்த மாதிரி இருந்துவிட்டார்.

செத்தவீடு முடிந்து சனம் கலைந்தபிறகு அவர் மனதில் ஒரே ஒரு விஷயம்தான் நின்றது. இந்த நாட்டுக்கு அவனைக் கூப்பிட்டது நான், ஒழுங்காக வழியனுப்ப வேண்டியதும் நான். அவன் நடுவழியில் நிற்கக் கூடாது, போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அது மட்டும் நடந்துவிட்டால் பிறகு அழுவதற்கு எவ்வளவோ நேரம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. சாம்ப்ளேன் பாலத்துக்கு அக்கரையில், புரோசார்ட் பக்கத்து ஆற்றங்கரையில் ஐயர் ஒரு அமைதியான இடம் பார்த்து வைத்திருந்தார். அங்கே கிரியை செய்து சாம்பலைக் கரைப்பதாக ஏற்பாடு. ஆர்த்திகா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றாள்.

"அண்ணை, அவரை அவரின்ர காரிலதான் கொண்டு போகோணும்." கணவன் கூப்பிட்ட மாதிரியே அவளும் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள்.

"அது சரி பிள்ளை. ஆனா அதில ரெண்டு சீட்தானே. நான் ஓட்ட, நீ சாம்பலை மடியில வைச்சுக்கொண்டு இருப்பாய். மிச்சச் சாமானெல்லாம்?"

மிச்சச் சாமான் கொஞ்சநஞ்சம் இல்லை. குடம், மணை, இளநீர், வாழைக்குலை, அரிசி, பிறகு ஐயருக்குத் தானம் கொடுக்கிற பாய், தலையணை, குடை, செருப்பு. மியாட்டாவின் டிக்கியில் இரண்டு இளநீரை வைத்தால் மூன்றாவதற்கு இடமில்லை. லொறியில் கொண்டுபோகலாம் என்றார் மூர்த்தி. மரக்கறி லொறியிலா என்று அவள் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

"டிரெயிலர் கிடக்குதுதானே," என்றாள் அவள்.

அப்படித்தான் அது பூட்டப்பட்டது. வேலை முடிந்து வந்த மாலை நேரங்களில், வெளிச்சம் இருக்கும்வரை, பின்சந்தில் வைத்து இருவரும் பூட்டினார்கள். பெட்டியோடு வந்த விளக்கப் படத்தைப் பார்ப்பது மூர்த்திக்குக் கௌரவக் குறைச்சல். லொறியோடு இத்தனை வருசம் மல்லுக்கட்டிய எனக்கு இந்தத் தள்ளுவண்டி ஒரு வேலையா என்று தொடங்கியவர், அச்சைத் தலைகீழாகப் பூட்டிவிட்டு முழுவதையும் திரும்பக் கழற்றினார். அதற்குப் பிறகு ஆர்த்திகா படத்தைப் பார்த்துச் சொல்ல, அவர் பேசாமல் முறுக்கினார். சில்லுகளுக்கு கிரீஸ் வைத்தார்கள். தளத்துக்குப் பலகை வெட்டிப் போட்டார்கள். காரின் பின்பம்பருக்குக் கீழே படுத்துக் கொக்கியைப் பூட்டும்போது, டிலக்ஷன் ஏற்கெனவே அடையாளம் போட்டிருந்த பென்சில் கோடுகள் அங்கே இருந்தன. மூர்த்தி கொஞ்ச நேரம் அடியிலேயே படுத்துக் கிடந்தார். என்ன அண்ணை என்று அவள் கேட்டதற்கு, ஒரு நட்டு விழுந்துவிட்டது என்றார்.

லைட் வயர்தான் ஆளைக் கொன்றது. இடப்பக்கம் சிக்னல் போட்டால் எல்லா லைட்டும் சேர்ந்து அரைகுறையாக மின்னியது. இரண்டு நாள் திட்டித் தீர்த்தபிறகுதான், எர்த் வயரைப் பெயின்டுக்கு மேலேயே பூட்டியிருப்பது தெரிந்தது. பெயின்டைச் சுரண்டி வெறும் இரும்பில் பூட்டியதும் லைட்டுகள் ஒழுங்குக்கு வந்தன.

கடைசி வேலை பாரம் பார்ப்பது. டிரெயிலரின் முன்நுனி, காரின் கொக்கியில் குந்துகிற அந்த மூக்கு இருக்கிறதே, அதில் விழுகிற பாரம் அளவாக இருக்கவேண்டும். குறைந்தால் டிரெயிலர் பின்னால் ஆடித் திரியும். கூடினால் காரின் பின்பக்கம் அமர்ந்து முன்பக்கம் ரோட்டைப் பிடிக்காது. சின்னக் காருக்கு இதில் விளையாட முடியாது. ஆர்த்திகா குளியலறையிலிருந்து தராசைக் கொண்டுவந்து கீழே வைத்தாள். மூக்கை அதன்மேல் வைத்தார்கள். முள் கொஞ்சமாக நகர்ந்து நின்றது. வெறும் டிரெயிலர் காற்றுப்போல இருந்தது. மூர்த்தி மூக்கை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார், முப்பது நாளில் முதல்முறையாக அவள் சிரித்தாள்.

அந்தியேட்டி நல்லபடியாக நடந்தது. காற்றில்லை, கூட்டமில்லை. டிலக்ஷனுக்கு மகன் இல்லாததால் மூர்த்தியே எல்லாம் செய்தார். சாம்பல் தண்ணீரில் விழுந்து, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு கரைந்துபோனது. ஐயர் தானச் சாமான்களைத் தன் வானில் ஏற்றிக்கொண்டு, புறப்படுமுன் கிட்ட வந்து சொன்னார்.

"மூர்த்தி, இனி வீடு போய்ச் சேருமட்டும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கக் கூடாது. விளங்குதோ? நீங்க பாத்தா, கூப்பிடுறியள் எண்டு நினைச்சு அவரும் வந்திடுவார்."

ஓம் என்றார் மூர்த்தி. இதெல்லாம் அவருக்குத் தெரியாததில்லை. சுடலையில் கொள்ளி வைத்தவன் திரும்பிப் பாராமல் வருவது காலங்காலமாக நடக்கிற விஷயம்தான். ஆனால் அந்தக் காலத்தில் கொள்ளி வைத்தவன் நடந்து வந்தான். டிரெயிலர் இழுத்துக்கொண்டு சாம்ப்ளேன் பாலத்தில் வரவில்லை.

லொறி ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்ப்பது பாதி, கண்ணாடியைப் பார்ப்பது பாதி. அது யோசித்துச் செய்கிற வேலை இல்லை, கண் தானாகப் போய் வரும். பாலத்தில் ஏறும்வரை மூர்த்தி கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்து ஓட்டினார். நடுப்பாலத்தில் ஒரு பெரிய டிரக் பக்கத்தால் உரசிப்போக, டிரெயிலர் ஒருமுறை ஆடியது. கண் போய்விட்டது. நடுக் கண்ணாடியில் வெறும் பலகை, சாமானை மூடக் கொண்டுபோய் இப்போது மடித்துக் கட்டிய படங்கு, வேறு ஒன்றுமில்லை. கண்ணை உடனே எடுத்துவிட்டார். என்றாலும் பார்த்தது பார்த்ததுதானே.  ஆர்த்திகாவிடம் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, பின்னேரம் டிரெயிலரைக் கழற்றிக் கராஜில் தள்ளலாம் என்று போனார். பூட்டை விடுவித்து மூக்கைத் தூக்கினார். தூக்க முடியவில்லை. கொக்கி எங்கோ இறுகிவிட்டது என்று எண்ணெய் விட்டார். இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கித் தூக்கியபோது மூக்கு மேலே வந்தது. இறுகவில்லை. பாரமாக இருந்தது.

தராசு இன்னும் கராஜ் மூலையில்தான் கிடந்தது. அதை இழுத்துவந்து மூக்கை அதன்மேல் இறக்கினார். முள் விறுவிறென்று ஓடி நின்ற இடத்தைப் பார்த்து, தராசு பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டினார். பிறகு மூக்கைத் திரும்பக் கொக்கியில் வைத்துவிட்டு, தானே தராசில் ஏறி நின்று பார்த்தார். தராசில் ஒரு பழுதும் இல்லை. பலகையில் ஒரு சாமானும் இல்லை. ஆனால் மூக்குக்குக் கிட்ட ஒரு ஆள் குந்தியிருந்தால் என்ன பாரம் வருமோ அந்தப் பாரம் இருந்தது.

அவர் டிரெயிலரைக் கழற்றாமல் பூட்டிவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த நாளிலிருந்து ஆர்த்திகா காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கினாள். வில்லரேயில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. அதுவரை பஸ்ஸில் போய் வந்தவள். இப்போது சிவப்புக் கார், அதன் பின்னால் வெறும் டிரெயிலர். இரண்டு கார் நிற்கிற இடம் பிடித்து நிறுத்துவாள். தெருவில் பார்க்கிங் கிடைக்காமல் அலைகிற சனம் திட்டுமா திட்டாதா? கழற்றி வைத்துவிட்டுப் போகலாமே என்று அயலில் இருந்த ஞானாம்பிகை அக்கா கேட்டதற்கு, எனக்குக் கழட்டத் தெரியாது அக்கா என்றாளாம். பூட்டும்போது ஒவ்வொரு நட்டையும் படம் பார்த்துச் சொன்னவள் அவள். 

பிறகு ஒரு நாள் மழை பெய்தது. சாதாரண மழை இல்லை, ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை. காலையில் லொறியை எடுக்கப் போன மூர்த்தி, டிரெயிலரைத் தாண்டும்போது நின்றார். பலகை முழுவதும் நனைந்து கறுத்துக் கிடந்தது. முன்பக்கக் கம்பிக்குக் கிட்ட மட்டும் ஒரு இடம் காய்ந்து வெளிறி இருந்தது. ஒரு மனிதன் குந்துகிற அளவு இடம். மேலே மரமில்லை, கூரையில்லை. அவர் கையை நீட்டி அந்த இடத்தைத் தொடப்போய், தொடாமல் எடுத்தார். அந்தக் காய்ந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பளி மடித்து வைக்கப்பட்டிருந்தது. கீழ்வீட்டுக் கட்டிலில் கிடக்கிற கம்பளி. அதுவும் நனைந்திருக்கவில்லை.

அப்போதும் அவர் தன்னை ஏமாற்றத்தான் பார்த்தார். மனிதனுக்கு அதில் ஒரு கெட்டித்தனம் இருக்கிறது. பலகையில் எண்ணெய் ஊறியிருக்கும், தண்ணீர் பிடிக்காது என்றார். அந்தச் சனிக்கிழமை, பிரேக்கைப் பார்க்கவேண்டும் என்று பொய் சொல்லிச் சாவியை வாங்கி, டிரெயிலரோடு காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். பின்பக்கம் அமர்ந்துதான் ஓடியது. பீ-நெஃப் பெரிய வீதியில் சிவப்பு விளக்கில் நின்றபோது, சைக்கிளில் வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி பக்கத்தில் நின்று ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். மூர்த்தி இறக்கினார்.

"பொன்சூர் மிஸ்யூ," என்று தொடங்கி, பிரெஞ்சில் மிக மரியாதையாகச் சொன்னாள். டிரெயிலரில் ஆளை ஏற்றிக்கொண்டு போவது சட்டப்படி குற்றம், அவர் விழுந்தால் என்ன ஆகும், தொப்பிகூட இல்லாமல் வெயிலில் இருக்கிறார் பாவம், என்றாள். விளக்கு பச்சையானதும் மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.

பின்னால் கார்க்காரர்கள் ஹோன் அடித்தார்கள். மூர்த்திக்குக் கிளட்ச் பிடிபடவில்லை. இரண்டு தரம் கார் நின்று நின்று கிளம்பியது.

அன்றைக்கே ஐயருக்குப் போன் அடித்தார். ஐயர் ஏதோ கடையில் வரிசையில் நின்றார். பக்கத்தில் பிள்ளை அழுகிற சத்தமும் ரொலி உருளுகிற சத்தமும் கேட்டன. மூர்த்தி எல்லாவற்றையும் சொன்னார். 

"கார்க் கண்ணாடியைப் பற்றிச் சாஸ்திரத்தில ஒண்டும் இல்லை மூர்த்தி. அப்ப கார் இருந்ததோ? ஆனா கண்ணாடியில எண்டாலும் பாத்தது உங்கட கண்தானே."

"இப்ப என்ன செய்யிறது ஐயா?"

"அவரைத் திரும்ப அங்கயே கொண்டு போங்கோ. கற்பூரம் கொளுத்தி, போ எண்டு வாய் திறந்து சொல்லுங்கோ. அவர் எதில இருக்கிறாரோ அதை அங்கயே விட்டிட்டு வாங்கோ. கண்ணாடியைத் திருப்பி வைச்சிட்டு ஓட்டுங்கோ. இந்தமுறை பாத்தியளோ, பேந்து என்னட்ட வராதேங்கோ." பிறகு குரலை மாற்றி, "மேர்சி," என்று கடைக்காரிக்கு நன்றி சொன்னார்.

கீழ்வீட்டுக்குப் போய் ஆர்த்திகாவை உட்கார வைத்து மூர்த்தி உண்மையைச் சொன்னார். பாலத்தில் கண் போனதையும் சொன்னார். என்னாலதான் பிள்ளை, நான்தான் அவனை மறிச்சுப்போட்டன், என்றார். அவள் தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க ஒருக்காத்தான் பாத்தியள்," என்றாள் கடைசியில். "நான் பாலம் முழுக்கப் பக்கக் கண்ணாடியில பாத்துக்கொண்டு வந்தனான். வேணுமெண்டுதான்."

மூர்த்திக்குக் கோபம் வந்தது. கூடவே தன் தலையிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரியும் இருந்தது. அந்த ஆறுதலை நினைத்து வெட்கமும் வந்தது.

"அவர் இருந்தா உங்களுக்கு என்ன இடைஞ்சல் அண்ணை? சத்தம் போடுறாரோ, சாப்பாடு கேக்கிறாரோ? நான் வேலைக்குப் போறன், அவரும் வாறார். நான் பிள்ளையளோட நிக்கேக்க ஜன்னலால பாத்தா கார் நிக்குது, அவர் நிக்கிறார். எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"உனக்குக் காணும் பிள்ளை. அவனுக்கு?" மூர்த்தி எழுந்து நின்றார். "அவன் ஒரு பலகையில குந்திக்கொண்டு மழையிலயும் வெயிலிலயும் கிடக்கிறான். இப்ப ஆனி மாசம். தை வரும், ஓமோ? மைனஸ் முப்பது வரும். பனி கொட்டும். அப்பவும் அவன் அதிலதான் இருப்பான். நீ ஒரு கம்பளி போட்டிருக்கிறாய். அது காணுமோ?"

அவள் கரண்டியை வைத்துவிட்டாள். கம்பளியைப் பற்றி அவருக்குத் தெரியும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. கராஜில் விடலாம், ஹீட்டர் வைக்கலாம் என்று ஏதோ சொல்லப் பார்த்தாள். சொல்லும்போதே, கராஜ் இருட்டில் ஹீட்டர் முன்னால் குந்தியிருக்கிற புருசனை அவளே கண்டிருக்கவேண்டும். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூர்த்தியும் அழுதார். ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவானது.

அதே ஆற்றங்கரையில் கனூப் படகு வாடகைக்கு விடுகிற ஒருவர் இருந்தார். டிரெயிலரைச் சும்மா தருகிறேன் என்றதும் சந்தோசமாகச் சம்மதித்தார், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. நல்ல மத்தியானம். புல்லில் ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள், பிள்ளைகள் தண்ணீரில் கல்லெறிந்தார்கள். யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒரு ஓரத்தில் நிறுத்தி, டிரெயிலரின் முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தினார் மூர்த்தி. முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மழையில் நனையாத அந்த இடத்தைப் பார்த்துப் பேசினார்.

"தம்பி, இஞ்ச கூப்பிட்டது நான்தான். வா எண்டு சொன்ன வாயாலதான் சொல்லுறன். காணும். எங்களைப் பாத்துக்கொண்டு நிக்காத. ஆர்த்தியை நான் பாத்துக்கொள்ளுவன். நீ போ."

ஆர்த்திகா பலகையில் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். கற்பூரம் அணைந்தது.

மூர்த்தி பூட்டை விடுவித்து, முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்தார். மூச்சைப் பிடித்துத் தூக்கியவர் பின்னால் விழப் பார்த்தார். மூக்கு லேசாக எழும்பி வந்துவிட்டது. இரண்டு விரலால் தூக்கலாம் போல. அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இறங்கிவிட்டான், என் தம்பி சொன்னால் கேட்கிறவன், என்று வாய்விட்டே சொன்னார்.

டிரெயிலரை அங்கேயே விட்டுவிட்டு, கார்க் கண்ணாடிகள் மூன்றையும் திருப்பினார். பக்கக் கண்ணாடிகளை உள்ளே மடித்தார், நடுக் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பினார். இந்தக் கோலத்தில் ரோட்டில் போவது பைத்தியக்கார வேலை என்று அவருக்குத் தெரியும்.  ஆனாலும் இன்றைக்கு இல்லாவிட்டால் என்றைக்கும் இல்லை. ஆர்த்திகா ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். கார் புறப்பட்டது. பின்பக்கம் அமரவில்லை, இழுபடவில்லை. இத்தனை நாள் பாரம் இழுத்த கார் இப்போது சிட்டாகப் போனது.

ஆற்றோரத் தெரு நேராக, அகலமாக, ஆளில்லாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் புல் வெட்டிய வீடுகள். மூர்த்தி முன்னால் மட்டும் பார்த்தார். முதல் சந்தியில் நின்று, எடுத்து, மெல்ல வேகத்தைக் கூட்டினார். பக்கத்தில் அவள் சத்தமில்லாமல் அழுகிறாள் என்று தெரிந்தது. இன்னும் கொஞ்சத் தூரம்தான் பிள்ளை, என்றார். பாலத்தில் ஏறினால் சரி, அதற்கப்பால் அவனால் வர முடியாது என்று எதை வைத்து நினைத்தாரோ தெரியாது, ஆனால் உறுதியாக நினைத்தார்.

பெல்ட் கழன்ற சத்தம் கேட்டது. சீட் தோல் நெரிந்தது. அவள் முழங்காலில் ஏறி, சீட்டுக்கு மேலால் பின்பக்கம் திரும்பி, பின்கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது பார்க்காமலே அவருக்கு விளங்கியது.

"பிள்ளை! திரும்பாத பிள்ளை! இரு, நேரா இரு!"

"மெதுவாப் போங்கோ அண்ணை," என்றாள் அவள்.

பயந்த குரல் இல்லை. கடைக்குப் போகும்போது, ஒரு ஆள் பின்னால் வருகிறது, கொஞ்சம் பொறுங்கோ என்று சொல்கிற குரல்.

"நடந்து வாறார். ரோட்டு நடுவால வாறார். கையைக் காட்டுறார் அண்ணை, நிக்கச் சொல்லி இல்லை, போகச் சொல்லியும் இல்லை. சும்மா காட்டுறார்." அவளுடைய மூச்சுக் கண்ணாடியில் பட்டது. "மெதுவாப் போங்கோ. அவருக்கு இளைக்குது."

மூர்த்தியின் கால் ஆக்ஸிலரேட்டரில் இருந்தது. பாலத்துக்கு ஏறுகிற வழி கண்ணெதிரே தெரிந்தது. ஒரு மிதி மிதித்தால் போதும். மியாட்டா அதற்கென்றே செய்த கார், இளைத்து இளைத்து நடந்து வருகிற எவனாலும் பிடிக்க முடியாது. தம்பியை வழியனுப்புகிற கடமை முழுவதும் அந்த ஒரு மிதியில் இருந்தது. அது அவருக்கு நன்றாக விளங்கியது. படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், யாரும் பக்கத்தில் இல்லாமல் உட்கார்ந்தவன், இப்போது வெயிலில் தனியே ஓட்டமும் நடையுமாக வருகிறான் என்பதும் விளங்கியது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசிவரை பார்க்கவில்லை. காலை மட்டும் எடுத்தார். கார் மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு ஆள் நடக்கிற வேகத்துக்கு வந்தது.